குடும்பப் படங்களுக்கு ஒரு பெட்டகம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், வேலந்தாவளத்தில் ஆற்றிய உரை)

    

குடும்பப் படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைப்பதற்கு வீட்டில் எத்தகைய பெட்டி வாங்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். இலக்கியம் முழங்கவேண்டிய மேடையில் ஹார்டு டிஸ்க் பற்றிய பேச்சா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் புன்னகை புரிவது எமக்குத் தெரிகிறது. அப்புன்னகை நியாயமானதே. ஆயினும், சிலப்பதிகாரம் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், பெயர் தெரியாத யாரோ சிலர் தத்தம் வீட்டில் அமர்ந்து அதனைப் படியெடுத்து வைத்தமையே என்பதை அவரும் மறுக்கமாட்டார்.

பனையோலை ஏட்டை எத்துணைக் கருத்தோடு காத்தாலும் அது சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. செல்லரிக்கும், ஓரம் ஒடியும், எழுத்து மங்கும். ஆகவே நம் முன்னோர் ஏட்டைப் பெட்டியிற் பூட்டுவதோடு நின்றுவிடவில்லை. ஒரு தலைமுறை எழுதியதை மறு தலைமுறை புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிற்று. ஓர் ஊரில் இருந்த நூல் வேறு ஊர்களிலும் இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபொழுது பல இடத்துப் பிரதிகளை ஒப்புநோக்க முடிந்தது இதனாலேதான். பெயர்த்தெழுதுவார் இல்லாத வீடுகளில் நேர்ந்தது வேறு. ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்திகளை ஐயரவர்களே வருந்தி எழுதியிருக்கிறார். அவ்வாறு விட்டவர்கள் தீயவர்கள் அல்லர். வீட்டில் ஏடு இருந்தது, அதனைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் இல்லை, அவ்வளவே.

படியெடுத்தல் ஒன்று, திறந்து படிக்க ஆள் இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், யாம் பேசவந்த பொருளில் முக்காற் பங்கு விளங்கிவிடும். எஞ்சியவை கடைக்காரரிடம் கேட்கவேண்டிய சில கேள்விகளே.

இப்பொருளில் பிறரைக் காட்டிலும் நமக்கு அக்கறை மிகுதியாக இருக்கவேண்டும். நம்மிற் பலர் பிழைப்பின் பொருட்டு இப்பக்கம் வந்து குடியேறியவர்கள். வேறு சிலருடைய முன்னோரோ எங்கும் பெயர்ந்தவர் அல்லர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபொழுது, இருந்த திண்ணையில் இருந்தபடியே கேரளத்தவர் ஆயினர். தமிழ்நாட்டு வரலாறு எழுதுவோரின் எழுதுகோல் பெரும்பாலும் வாளையாற்றோடு நின்றுவிடுகிறது. கேரள வரலாறு எழுதுவோர்க்கு நாம் ஓர் அடிக்குறிப்பு. எல்லையோரத்து எளிய குடும்பம் எவ்வாறு உடுத்தது, எவ்வாறு மணம் முடித்தது, எத்தகைய தமிழைப் பேசிற்று என்பதற்கெல்லாம் சான்று நம் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது. தாத்தா கோட்டணிந்து நிற்க, பாட்டி நாற்காலி விளிம்பில் அமர்ந்திருக்கும் ஸ்டூடியோப் படம். எண்பதுகளில் எடுத்த திருமண வீடியோ நாடா. வளைகுடாவிற்குச் சென்ற மகனுக்கு, எழுதத் தெரியாத தாய் பேசி அனுப்பிய ஒலிநாடா ஆகியவை எந்த நூல்நிலையத்திலும் இல்லை. பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் பொருளுதவியுடன், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சென்று மின்படி எடுத்துள்ளனர். அறிஞர்கள் தேடி அலையும் பொருள் நம் தகரப் பெட்டியிற் கிடக்கிறது.

கிடக்கிறது என்றோம், எத்துணை நாள் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் கேரளமெங்கும் வீடுகளுக்குள் சேற்றுநீர் புகுந்தது. நிலப்பத்திரத்திற்கும் கல்விச் சான்றிதழுக்கும் நகல் வழங்க அரசு அலுவலகங்கள் உண்டு. நனைந்து ஒட்டிக்கொண்ட ஆல்பத்திற்கு நகல் தருவார் யார்? அதற்கு ஈராண்டு கழித்து, 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்து மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களின்மேல் வீழ்ந்தது. எழுபது பேரை நாம் இழந்தோம். அவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டினின்று சென்று தலைமுறைகளாக அம்மலையில் உழைத்தவர்களின் வழிவந்தோர். வீடே மண்ணுக்கடியிற் போனபின், இறந்தவர் முகத்தைக் காண வேண்டுமாயின் அப்படம் வேறோர் ஊரில், வேறொருவர் வீட்டில் இருந்தாலன்றி வழியில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கூறுவதைக் கேட்க வேண்டுகிறோம்.

இன்று நம் படங்கள் எங்கே இருக்கின்றன? கைப்பேசியில் இருக்கின்றன. கைப்பேசி விழும், தொலையும், மழையில் நனையும். இடம் நிறைந்துவிட்டதென்று பையன் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பான். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டோமே என்பர். வாட்ஸப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டே செல்கிறது. சிறு திரையில் வேறுபாடு தெரியாது. பெரிதாக அச்சிடும்பொழுது தெரியும். மூலப்படம் வேண்டுமாயின் 'டாக்குமென்ட்' என்னும் வழியில் அனுப்பவேண்டும். கூகுளில் இருக்கிறதே என்பர். கூகுள் போட்டோஸ் 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளிலிருந்து வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்திவிட்டது. இப்பொழுது கடிதம், படம், கோப்பு யாவற்றிற்கும் சேர்த்து 15 ஜிகாபைட்டே இலவசம். ஈராண்டு பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியையும் அந்நிறுவனம் 2023ஆம் ஆண்டு இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலஞ்சென்ற தந்தையின் கணக்கில் அவர் எடுத்த படங்கள் இருக்குமாயின், இதனைக் கேட்டவர்கள் இன்றிரவே அதனைத் திறந்து பார்ப்பது நல்லது.

இனிப் பெட்டிக்கு வருவோம். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'நாஸ்' என அழைக்கப்படும் இப்பெட்டி, தோற்றத்தில் இரண்டு ரொட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து நிறுத்தியது போன்றது. உள்ளே ஒன்றோ, இரண்டோ, நான்கோ வன்தட்டுகள். வீட்டு இணைய ரவுட்டரோடு ஒரு கேபிளால் இதனை இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கணினியும் தொலைக்காட்சியும் இதனோடு உரையாடும். மாலையில் வீடு திரும்பியதும் கைப்பேசியிற் புதிதாக எடுத்த படங்கள் தாமாகவே இதனுட் சென்று சேரும். முகங்களை இனங்கண்டு, பேத்தியின் படங்களையெல்லாம் ஒருங்கே காட்டவல்ல பெட்டிகளும் உண்டு. அவ்வேலை வீட்டுக்குள்ளேயே நடைபெறுவதால் படம் வெளியே செல்வதில்லை.

ஓர் இடைக்குறிப்பு. உலகின் முதல் வன்தட்டுப் பொறியை ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டதும், கேரளம் பிறந்த அதே 1956ஆம் ஆண்டிலேதான். ஐம்பது தட்டுகள் கொண்ட, பீரோ அளவினதாகிய அப்பொறி ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்று அதிற் புகுந்தால் இன்னொன்றுக்கு இடமிராது.

கடைக்காரர் முதலிற் கூறுவது இது: "இரண்டு தட்டு போடுங்கள் சார், ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும், ஒன்று போனாலும் கவலையில்லை." இம்முறைக்கு ரெய்டு என்று பெயர். அவர் கூறுவது உண்மையே. வன்தட்டு பழுதாகும் பொருள். ஏறத்தாழ மூன்று இலட்சம் தட்டுகளை இயக்கும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் கணக்கை வெளிப்படையாக வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தட்டு பழுதாயிற்று. தட்டு ஒன்று நின்றுவிட்டால் வேலை தடைப்படாமல் இருக்க ரெய்டு உதவும்.

ஆனால் அதனை நகல் என்று எண்ணுவதுதான் பெருந்தவறு. கண்ணாடியின் முன் நிற்பவரின் பிம்பத்தை இரண்டாவது ஆள் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரு தட்டில் மகன் தவறாக ஒரு கோப்புறையை அழித்தால், அந்நொடியே மற்றத் தட்டிலும் அது அழியும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் போகும். மின்னல் தாக்கினால் இரண்டும் போகும்.

இரயில்வேயில் பணிபுரியும் எமக்கு ஈண்டு நினைவு வருவது பார்சல் வேபில்தான். கணினி வருமுன் கார்பன் தாள் வைத்து எழுதிய காலத்தில், ஒரே வேபிலின் படிகள் பலவாறு பிரிந்து செல்லும். அனுப்புவோர் கையில் ஒன்று. நிலையப் பதிவில் ஒன்று. கார்டு வசம் பார்சலோடு ஒன்று. கணக்கு அலுவலகத்திற்கு ஒன்று. நிலையத்தில் தீப்பற்றினாலும் கணக்கு அலுவலகத்தில் சான்று இருக்கும். நான்கு படிகளையும் ஒரே மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "நான்கு படி இருக்கிறது" என்று எந்த எழுத்தரும் மார்தட்டியதில்லை. பீட்டர் கிரோ என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய விதியும் இதுவே: மூன்று படிகள் வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று சுருக்கிச் சொல்வர்.

இவ்விதியை அறிந்த பெரியோரும் தவறியதுண்டு. தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்று 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தீப்பற்றியது. அரசு ஊழியர் தம் அலுவற் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் கிடங்கு, 858 டெராபைட் அளவினது, அதில் அழிந்தது. அதற்கு வேறிடத்தில் மறுபடி இல்லை. மின்னணுத் தொழிலில் உலகை வெல்லும் நாட்டிற்கே இந்நிலை. நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. மலையாளத்தின் முதற்படமாகிய விகதகுமாரனை எடுத்த ஜே. சி. டேனியல் அகத்தீசுவரத்தில் பிறந்த தமிழர். அப்படத்தின் சுருளை அவருடைய இளைய மகன் சிறு பருவத்தில் விளையாட்டாகத் தீயிட்டு மகிழ்ந்ததாகக் கூறுவர். ஒரு மொழியின் முதற்படம் இன்று எவர்க்கும் காணக் கிடைப்பதில்லை. குழந்தையைக் குறைகூறி என்ன பயன்? இரண்டாவது சுருள் இருந்திருக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் நிகழ்ந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி இரண்டாம் படம் உருவாகிக்கொண்டிருந்தபொழுது, யாரோ இட்ட ஒரு தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்தது. நகல் நாடாக்களை எடுத்துப் பார்த்தால் அவையும் சரியாகப் பதிவாகவில்லை. கேலின் சுஸ்மன் என்னும் அம்மையார் குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதனைப் போர்வையிற் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து படத்தை மீட்டனர். நகல் எடுத்தால் மட்டும் போதாது. ஆண்டிற்கு இருமுறையேனும் அந்நகலைத் திறந்து, பத்துப் படங்களையும் இரண்டு காணொளிகளையும் ஓட்டிப் பார்க்கவேண்டும். பொங்கலுக்கும் ஓணத்திற்கும் என்று வைத்துக்கொண்டால் மறவாது. இரண்டும் நமக்கு விடுமுறையே.

ஆகவே, எமது தீர்ப்பை ஒளியாமற் கூறிவிடுகிறோம். கையிலுள்ள பணம் இரட்டைத் தட்டுப் பெட்டி ஒன்றிற்கு மட்டும் போதுமானால், அதனை வாங்கவேண்டா. ஒற்றைத் தட்டுப் பெட்டியும், தனியே ஒரு யூ.எஸ்.பி. வன்தட்டும் வாங்குக. முன்னதில் நாள்தோறும் படங்கள் சேரட்டும்; பின்னதில் மாதம் ஒருமுறை நகலெடுத்து, அதனை மின்னிணைப்பினின்று கழற்றி, வேறு வீட்டில் வைத்துவிடுக. பணம் மிகுந்திருந்தால் அப்பொழுது இரட்டைத் தட்டை எண்ணலாம். கடைக்காரர் இதற்கு உடன்படமாட்டார். உடன்பட வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கில்லை.

வேறு வீடு எது? இதில்தான் எல்லையோரத்தாராகிய நாம் பேறுபெற்றவர்கள். கே. கே. சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். அங்கே தமக்கையோ மைத்துனரோ இல்லாத குடும்பம் நம் காலனியில் அரிது. ஒரு படி கேரளத்திலும் ஒரு படி தமிழ்நாட்டிலும் இருக்கட்டும். அவர்கள் வீட்டுப் படங்களின் தட்டை நாம் நம் பீரோவில் வைத்துக்கொள்வோம். மாதாமாதம் போய்வருவதற்கு இஃதொரு சாக்கும் ஆயிற்று.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதில் பலரும் மலைக்கின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். கைப்பேசிப் படம் ஒன்று ஏறத்தாழ 4 மெகாபைட் எனக் கொண்டால், இருபதாயிரம் படங்கள் 80 ஜிகாபைட்டில் அடங்கும். சாதாரண உயர்தரக் காணொளி நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 மெகாபைட் எனக் கொண்டால், முப்பது மணி நேரக் காணொளி 180 ஜிகாபைட். இரண்டும் சேர்ந்து 260. ஒரு டெராபைட் என்பது 1000 ஜிகாபைட். நான்கு கைப்பேசி உள்ள வீட்டிற்கும் 4 டெராபைட் தட்டு பல ஆண்டுகளுக்குப் போதும். 4கே என்னும் மிகைத்தரத்தில் காணொளி எடுப்போர்க்கு இடம் மூன்று நான்கு மடங்கு செலவாகும். பள்ளி ஆண்டு விழா முழுவதையும் அத்தரத்தில் எடுக்கத்தான் வேண்டுமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

பெரும்பாலான பெட்டிகள் தட்டு இல்லாமலே விற்கப்படுகின்றன. விளம்பர விலையைக் கண்டு மகிழ்வோர் இதனை அறிதல் வேண்டும். தட்டு வாங்குகையில், கண்காணிப்புக் கேமராவிற்கு உரியதைக் கடையில் எடுத்து நீட்டுவர். அது வேறு வேலைக்கு அமைந்தது. நாஸ் பெட்டிக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குக. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில தட்டுகளில் எழுத்துத் தடங்கள் ஓட்டுக் கூரை வேய்ந்ததுபோல் ஒன்றன்மேலொன்று சிறிது படிந்திருக்கும். கூரையின் நடுவே ஓர் ஓட்டை மாற்றவேண்டின் பக்கத்து ஓடுகளையும் எடுத்துவைக்க வேண்டுமன்றோ? அதுபோல இத்தட்டுகள் திருத்தி எழுதுகையில் மிக மெதுவாகும். எஸ்.எம்.ஆர். என்பது அதன் பெயர். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வகைத் தட்டுகள் சிலவற்றில் இம்முறையை அறிவிக்காமற் பயன்படுத்தியது 2020ஆம் ஆண்டில் வெளிப்பட்டுப் பெரும் பூசலாயிற்று. சி.எம்.ஆர். என்று எழுதியிருப்பதே பெட்டிக்கு ஏற்றது. ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் ஆகியவை அவ்வகையின. மாதமொருமுறை நகலெடுக்கும் யூ.எஸ்.பி. தட்டிற்கு எவ்வகையும் ஆகும். இரட்டைத் தட்டு வாங்குவோர், இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல், வெவ்வேறு கடையில் வாங்குவது நன்று. ஒரே தொகுதியிற் பிறந்தவை ஒரே காலத்தில் மூப்பெய்தக் கூடும்.

விலையை யாம் கூறவில்லை. இம்மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் அது மாறியிருக்கும்.

மின்சாரம் பற்றித் தாய்மார்கள் கேட்பார்கள். இரட்டைத் தட்டுப் பெட்டி 20 வாட் கொள்ளும் எனக் கொண்டால், இரவும் பகலும் ஓடினால் மாதம் ஏறத்தாழ 14 யூனிட். இதனினும் கவலைக்குரியது மின்னல். துலா வருஷத்துப் பிற்பகல்களில் நம் பக்கத்து இடியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டா. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சிறு யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும், மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் தட்டு கெடக்கூடும். இடி நெருங்கும்பொழுது பிளக்கையும், இணையக் கம்பி செம்பாயின் அதனையும் கழற்றிவிடுவதே சிறப்பு. தொலைக்காட்சிக்கு நாம் செய்வதுதானே! கழற்றி வைத்த நகல் தட்டு மின்னலுக்கு அஞ்சவேண்டுவதில்லை என்பதையும் ஈண்டு நோக்குக.

வெளியூரிலிருந்தும் படம் பார்க்கலாம் என்று விளம்பரம் கூறும். துபாயிலுள்ள மகள் பார்க்க விரும்புவது இயல்பே. ஆனால் வீட்டுப் பெட்டியை நேரே இணையத்திற்குத் திறந்துவிடுவது, தெருக்கதவைத் திறந்துபோட்டு உறங்குவதை ஒக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்னும் பெட்டிக்கு அந்நிறுவனம் 2015லேயே பராமரிப்பை நிறுத்தியிருந்தது. பலர் அதனைப் பின்னும் இணையத்தோடு இணைத்தே வைத்திருந்தனர். 2021 ஜூன் மாதத்தில் ஒருநாள், உலகெங்கும் அப்பெட்டிகளை விஷமிகள் தொலைவிலிருந்தே வெறுமையாக்கினர். கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகளில் 2021 ஏப்ரலிலும் 2022 ஜனவரியிலும் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். கதவு திறந்திருந்தது. மகளுக்கு வேண்டிய படங்களை நாமே தேர்ந்தனுப்புவோம். அன்றித் தொலைவிலிருந்து பார்த்தே தீரவேண்டுமாயின், வி.பி.என். என்னும் காப்புவழியை அமைக்கத் தெரிந்த இளைஞரை அழைத்து அமைத்துக்கொள்க. நிறுவனம் எத்தனை ஆண்டு பராமரிப்பு அளிக்கும் என்பதை வாங்குமுன் கேட்பதும் இதனாலேதான்.

பெயர்பெற்ற நிறுவனமாயின் கவலையில்லை என்றும் கூறமுடியாது. தைவானின் சினாலஜி இத்துறையில் நற்பெயர் பெற்றது, பயன்படுத்த எளியது. அந்நிறுவனமே 2025இல் தன் புதிய பிளஸ் வகைப் பெட்டிகளில் தான் ஒப்புக்கொண்ட தட்டுகளையே இடவேண்டும் என்று விதித்தது. வாங்குவோர் எதிர்ப்பிற்குப் பின் அவ்வாண்டு அக்டோபரில் அதனைத் தளர்த்தியது. நாம் வாங்கும் பெட்டியின் விதியை நாளை வேறொருவர் மாற்றக்கூடும் என்பதே இதிற் கொள்ளத்தக்கது. ஆகவே வெளியே வைக்கும் நகல், எந்தக் கணினியிற் செருகினாலும் சாதாரணக் கோப்புறைகளாகத் திறக்கும்படி இருக்கட்டும். ஆண்டு, மாதம், நிகழ்ச்சி என்று பெயரிட்ட கோப்புறைகளே போதும்.

இப்பெட்டி எல்லா வீட்டிற்கும் வேண்டுமா? வேண்டா என்பதே எமது கருத்து. கணவனும் மனைவியும் மட்டும் உள்ள வீட்டிற்கு, இரண்டு யூ.எஸ்.பி. தட்டுகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பலர் பல கைப்பேசிகளில் எடுப்பதும், ஒருவருக்கொருவர் தேடித் தவிப்பதும் உள்ள வீட்டிற்கே பெட்டி பயன்படும். அலமாரியிற் கிடக்கும் பழைய கணினியில் இமிச் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி அதனையே பெட்டியாக்கலாம். அதற்குப் பொழுதும் பொறுமையும் வேண்டும். மேகக் கிடங்கும் வெறுக்கத்தக்கதன்று. மிக இன்றியமையாத சில நூறு படங்களை அங்கும் வைத்தல் மூன்றாம் படியாகும்.

சங்கமே ஒரு பெரிய பெட்டி வாங்கி எல்லார் படங்களையும் வைத்தாலென்ன என்று செயற்குழுவில் ஒரு யோசனை எழுந்தது. நல்லெண்ணத்தில் எழுந்ததே, ஆயினும் யாம் அதற்கு உடன்படவில்லை. பெண்மக்கள் படமும் குழந்தைகள் படமும் பொதுப் பெட்டியில் இருக்கவேண்டியவை அல்ல. சங்கத்தின் பெட்டிக்கு வேறு வேலை உண்டு. இவ்விழாப் படங்கள், பழைய மலர்கள், நம் பாட்டிமார் பாடும் தாலாட்டும் கும்மியும், சந்தைக்கு வரும் பெரியவர்கள் பேசும் இந்த எல்லைத் தமிழும் அதில் ஏறட்டும். எண்பது வயது கடந்தோர் நம் காலனியில் ஒரு சிலரே உள்ளனர். வீடியோ நாடாக்களோ நம் மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்துவருகின்றன. அவற்றை ஓட்டும் பொறியும் அரிதாகிவருகிறது. பெட்டி வாங்குவது அடுத்த ஆண்டிற்குத் தள்ளப்படலாம். நாடாக்களை மின்வடிவாக்குவதைத் தள்ள முடியாது.

இன்னும் இரண்டே செய்திகள். ஒன்று, பெயர். பெட்டி முகத்தை இனங்காணுமேயன்றி, "இவர் என் தாயின் சிற்றப்பா, கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்தவர்" என்று சொல்லாது. பழைய படத்தை மின்படி எடுக்கும்பொழுதே அதன் பின்புறத்தையும் எடுத்துவிடுக. ஸ்டூடியோ முத்திரையும், மங்கிய மையில் எழுதிய தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பின்புறம் வெறுமையாயின், வீட்டு மூத்தவரை அருகமர்த்தி அவர் சொல்லச்சொல்லக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அப்படத்தோடு அதே கோப்புறையில் இடுக.

மற்றொன்று, சாவி. பெட்டியின் கடவுச்சொல்லை வாங்கியவர் ஒருவரே அறிந்திருப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவருகிறது. அவர் திடீரென மறைந்தால், மனைவிக்கும் மக்களுக்கும் அப்பெட்டி, படிக்கத் தெரியாத ஏட்டுக் கட்டுதான். கடவுச்சொல், நகல் தட்டு இருக்கும் வீடு, திறக்கும் முறை ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி உறையிலிட்டு, ரேஷன் அட்டையும் பத்திரமும் இருக்குமிடத்தில் வைத்து, வீட்டில் இன்னொருவரை ஒருமுறை தாமே திறந்து பார்க்கச் செய்க. நீங்கள் அருகில் நின்று உதவாமல் அவர் திறக்கவேண்டும்.

மண்டபத்தின் வலப்புற மேசைமேல் இரட்டைத் தட்டுப் பெட்டி ஒன்றும், கழற்றிய வன்தட்டு ஒன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. மின்னிணைப்புக் கொடுக்கப்படவில்லை, ஆதலின் குழந்தைகளும் அச்சமின்றித் தொட்டுப் பார்க்கலாம்.